கண்ணாடிப் பதிப்பு

என் கணவர் இறந்துபோன செய்தியை அவரே சமையலறைக்கு வந்து என்னிடம் சொன்னார்.

நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காலை வெயில் மேடை முழுக்க விழுந்திருந்தது. லுங்கியும் பனியனுமாக நிலைப்படியில் வந்து நின்றவர், "வல்லி, ஒண்ணு சொல்லணும். பதறாத. நான் செத்துட்டேன்" என்றார்.

"சரி, பல்லு தேய்ச்சாச்சா?" என்று கேட்டேன். இவருடைய காலைநேரப் பேச்சுக்கெல்லாம் நான் முழுக் காது கொடுப்பதில்லை.

"தேய்ச்சு என்ன ஆகப்போகுது?"

காபியை நீட்டினேன். கல்யாண வீட்டில் இரண்டாவது ஜாங்கிரியை மறுப்பவர்போல மரியாதையாகக் கையைக் காட்டி, வேண்டாம் என்றார். அறவாழி காபியை மறுத்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் படுத்தபடியே வாங்கிக் குடித்த மனிதர். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். சோகமோ பயமோ எதுவும் அதில் இல்லை. பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டவர் ஜன்னலோரம் இருப்பவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருடைய தொழிலைச் சொன்னால்தான் மிச்சம் புரியும். இராயப்பேட்டையில் இரண்டு அறை பிடித்து, ஜெபராஜ் என்ற ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு, 'முள்ளெலி காமிக்ஸ்' நடத்துகிறார். ஜப்பானிய திகில் காமிக்ஸை வாங்கித் தமிழில் போடுவது வேலை. மொழிபெயர்ப்பு நான். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஜப்பானிய இன்ஜினியர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் நின்று பேசிப் பேசியே அந்த மொழியைக் கற்றேன். போல்ட்டும் நட்டும் கியர் பாக்ஸும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். திகில் கதைக்கு வேண்டிய சொற்களை அப்புறம்தான் சேர்த்துக்கொண்டேன்.

நம் ஊர்த் திகில் கதையில் வெளியிலிருந்து பேய் வரும். அவர்களுடையதில் பெரும்பாலும் பேய் வராது. நம்முடைய உடம்பே வரும். நேற்றுவரை நம் பேச்சைக் கேட்ட கை இன்று கேட்காது. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று தன் வேலையைத் தொடங்கியிருக்கும். அதையும் அவசரமே இல்லாமல், முடி முடியாக வரைந்து காட்டுவார்கள். தூக்கம் கெட வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கும் வாசகர்கள் நமக்கும் இருக்கிறார்கள்.

இந்த வருடம் புதிதாக வந்தது உணர்பட்டை. பிடரியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. அதோடு ஒரு மூக்குக் கண்ணாடி. அதில் பொட்டளவு கேமரா. நாம் பார்க்கும் படத்தை அதுவும் பார்க்கும். படத்தில் இருக்கும் உடம்புக்கு என்ன ஆகிறதோ அதை நம் உடம்புக்கும் கொஞ்சமாகக் கடன் கொடுக்கும். படத்தில் ஒருவன் விரலைச் சுட்டுக்கொண்டால் நம் விரலிலும் சுருக்கென்று இருக்கும். ஜப்பானில் இது இல்லாமல் இப்போது யாரும் திகில் படிப்பதில்லையாம். தமிழில் முதலில் கொண்டுவரப்போவது முள்ளெலிதான் என்று அறவாழி குழந்தைபோல் குதித்தார்.

கதையின் பெயர் 'நக ஊர்'. ஒரு கடலோரக் கிராமத்தில் எல்லோருக்கும் உடம்பெங்கும் நகம் முளைக்கத் தொடங்குகிறது. உள்ளங்கையில், கண் இமையில், நாக்கின் அடியில். அந்த ஊருக்கு கினு என்ற பெண் வருகிறாள். வீடு வீடாகப் போய் நகம் வெட்டிவிடுகிறாள். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாள். கடைசிப் பக்கத்தில்தான் தெரியும், அவள் எப்போதோ செத்துப்போனவள் என்று. மொழிபெயர்த்து முடித்துவிட்டு நான் ஒரு வாரம் என் கையையே பார்க்காமல் சோறு பிசைந்தேன்.

அறவாழியை டாக்டர் மெஹருன்னிசாவிடம் கூட்டிப்போனேன். நரம்பு டாக்டர். எங்கள் புத்தகங்களை வாங்கிப் படிப்பவரும்கூட. நாடி, ரத்த அழுத்தம், ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. அதை அறவாழியிடம் சொன்னதும் அவர் பரிவோடு தலையாட்டினார்.

"மெஷினுக்குத் தெரியுது டாக்டர். எனக்குத் தெரியலையே. துடிக்கறது என்னோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பின்ன யாரோடது?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன்."

இதுதான் என்னைக் குழப்பியது. உளறினால் பைத்தியம் என்று தேற்றிக்கொள்ளலாம். இவர் உளறவே இல்லை. பகுத்தறிவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆவி, மறுபிறப்பு எதுவும் பேசவில்லை. காலைக் கிள்ளினால் தெரியவில்லை, பசி தெரியவில்லை, ஆகவே காலும் வயிறும் இல்லை, ஆகவே ஆள் இல்லை என்று கணக்கு வாத்தியார்போலப் படிப்படியாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த நான் மேசைக்கு அடியில் என் தொடையை ஒரு தடவை கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பட்டைய எவ்ளோ நேரம் போட்டிருந்தாரும்மா?"

"பிழை திருத்தறவர் டாக்டர். எழுத்துக்கு ஒரு தடவ பாப்பாரு, புள்ளிக்கு ஒரு தடவ பாப்பாரு, படத்துக்கு ஒரு தடவ. பட்டையோட படிச்சாத்தான் வாசகர் படிக்கற மாதிரி இருக்கும்னு கழட்டவே இல்ல."

"ஒரு தடவ படிக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. இவர் மூளைகிட்ட அது திரும்பத் திரும்ப 'உன் உடம்பு இல்ல, இல்ல'ன்னு சொல்லியிருக்கு. மூளை நம்பிடுச்சு."

"நகம் முளைக்கற கதை அது. வலிக்கணும், இல்லன்னா அரிக்கணும். எதுக்கு இல்லன்னு சொல்லுது?"

"அத அனுப்புனவங்களத்தான் நீங்க கேக்கணும்" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாப்பாடுதான் இப்ப பிரச்சனை. செத்தவன் எதுக்குச் சாப்பிடணும்னு கேக்கறாரு. இப்படியே போனா சிறுநீரகம் தாங்காது. வந்த உடனே ட்யூப் போட வேணாம், வீட்ல முயற்சி பண்ணுங்க. முடியலன்னா அட்மிட் பண்ணிடலாம். ட்யூப் வெச்சு உயிரப் புடிச்சு வைக்கலாம்மா. நான் உயிரோட இருக்கேன்ங்கற நெனப்ப ட்யூப்ல ஏத்த முடியாது."

வீட்டில் கெஞ்சினேன், திட்டினேன், ஒருமுறை சோற்றை வாயில் திணித்துக்கூடப் பார்த்தேன். வாயிலேயே வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். என் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் தண்ணீர் மட்டும் இரண்டு மடக்குக் குடிப்பார். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: செத்திருந்த நாட்களில் என்மேல் ஒருமுறைகூட எரிந்து விழவில்லை. நான் பேசுவதை முழுசாகக் கேட்டார். ஒரு மதியம் நான் சோபாவிலேயே அசந்துவிட்டேன். கண் விழித்தபோது என் காலடியில் உட்கார்ந்து, என் கால் நகங்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் வெட்டிக்கொண்டிருந்தார். இதுவரை தன் நகத்தையே ஒழுங்காக வெட்டிக்கொண்டவரில்லை. அந்தக் கை அவருடையதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. காலை இழுத்துக்கொண்டேன்.

ஜெபராஜ் வந்தான். வந்ததிலிருந்து குற்றவாளிபோலவே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, மாதிரிப் பிரதி ரெடியானதும் நானும் பட்டைய போட்டுக் கொஞ்சம் பக்கம் பாத்தேன். கையி காலெல்லாம் மரத்துப் போச்சு. நான் அண்ணன்ட்ட சொன்னேன். அண்ணன் 'அதான்டா திகிலு, சூப்பரா வேலை செய்யுது'ன்னாரு. நானும் சூப்பர்னுதான் நெனச்சேன்."

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. டோக்கியோவில் இருக்கும் பதிப்பாசிரியர் நாகசே அம்மையாரை வீடியோவில் அழைத்தேன். நரைத்த குட்டை முடி, மெல்லிய குரல். நடந்ததைச் சொன்னேன். தமிழ்ப் பக்கம் ஒன்றைக் காட்டச் சொன்னார். கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"பக்கங்களைத் திருப்பிவிட்டீர்களா?"

ஜப்பானியப் புத்தகம் நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அங்கே தொடங்கும். கட்டங்களும் வலமிருந்து இடமாகப் போகும். இப்போது மற்ற பதிப்பகங்கள் அதை அப்படியே விட்டுவிடுகின்றன. அறவாழி விடமாட்டார். தமிழ் வாசகன் எதற்குப் பின்னாலிருந்து படிக்க வேண்டும் என்பார். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஜெபராஜ் கணினியில் திருப்பிப் போடுவான். அதில் அவர்கள் இருவருக்கும் பெருமை வேறு. கடிகார முள்ளைத் திருத்துவார்கள், கடைப் பலகையைத் திருத்துவார்கள், இடது கைக்காரனாகிவிட்ட சமையல்காரனைக்கூட வலது கைக்காரனாக்குவார்கள்.

"ஆமாம். எங்கள் மொழி இடமிருந்து வலம்" என்றேன்.

"உடைகளைப் பார்த்தீர்களா?"

"உடைகளா?"

"கிமோனோவை இடப்பக்கத் துணி மேலே வரும்படி உடுத்துவோம். வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது பிணத்துக்கு மட்டும்தான். எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அது தெரியும். இந்தக் கதையில் கினுவின் உடை மட்டும் முதல் பக்கத்திலிருந்தே பிணத்தின் உடை. கவனமாகப் பார்ப்பவர்களுக்கு ஓவியர் கொடுத்த ஒரே தடயம் அதுதான்."

ஒரகடத்துக்கு வந்த இன்ஜினியர்கள் எல்லோரும் பேன்ட் சட்டையில்தான் வந்தார்கள். இதை எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

"பட்டை பார்ப்பது படத்தை மட்டும்தான். எங்கள் படங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தது அது. உயிருள்ள உடம்பு என்றால் அதன் உணர்வைத் தரும். பிணம் என்றால் ஒன்றையும் தராது. உங்களுடைய உணர்வையும் அந்தக் கட்டம் முடியும்வரை எடுத்துவிடும். கினு வரும்போது மட்டும் ஒரு கணம் உடம்பு இல்லாமல் போகும். எங்கள் வாசகர்கள் பயப்படுவது அந்தக் கணத்துக்குத்தான். நீங்கள் பக்கத்தைத் திருப்பியதும் ஊர் முழுக்கப் பிணமாகிவிட்டது."

எங்கள் பக்கமும் காரியத்தில் பூணூலைத் தோள் மாற்றிப் போடுவார்கள், சுற்றுவதைக்கூட இடமாகச் சுற்றுவார்கள் என்றேன். அப்படியானால் உங்களுக்கு விளங்கும் என்றார். விளங்கிய பிறகும் எனக்குக் குழப்பம் போகவில்லை. ஒரு துணியின் மடிப்புக்காக ஒரு மனிதர் பட்டினி கிடந்து சாவாரா?

"அவரைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா?"

"மூலப் புத்தகத்தைக் கொடுங்கள். எங்கள் திசையில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை படிக்கட்டும். உயிருள்ள உடம்புகள் ஒவ்வொன்றாக அவருடைய உடம்பைத் திருப்பித் தரும். பட்டையை முழு அளவில் வைக்க வேண்டும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனால் அந்த உடம்புகளுக்கு என்ன நடக்கிறது என்பதை மொழிபெயர்த்தவர் நீங்கள்தானே."

ஆமாம், நான்தான். ஒவ்வொரு நகமும் எப்படிக் கிழித்துக்கொண்டு வருகிறது என்பதற்குச் சொல் தேடித் தேடிப் போட்டவள். இவர் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அத்தனையையும் இவர்மேல் நானே ஏவிவிட வேண்டும்.

அவரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எதுக்கு வல்லி கூப்புடற? இங்க முட்டி வலி இல்ல, பசி இல்ல, நெஞ்செரிச்சல் இல்ல. யார் மேலயும் கோவம் வரல. நல்லாத்தான் இருக்கேன்."

"நான் நல்லா இல்லங்க."

"தெரியுது. ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நான் இல்லையே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். அடித்தால் அவருக்குத் தெரியாது என்பதுதான் தடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். இந்த மனிதரின் பலவீனம் என்னைவிட யாருக்குத் தெரியும்?

"சரிங்க. ஆனா புத்தகத்துல ஒரு பிழை இருக்கு. மூலத்தோட ஒப்பிட்டுப் பாத்தாதான் தெரியும்."

"பிழையா?" முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தப் பக்கம்?"

"நீங்களே பாத்துக் கண்டுபிடிங்க."

செத்தவரை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது. இருந்தாலும் பட்டையை ஒட்டி, கண்ணாடியை மாட்டி, அளவை முழுசாக ஏற்றி, மூலப் புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். ஜெபராஜ் பின்னால் நின்று தோள்களைப் பிடித்துக்கொண்டான். நல்ல பகல் வெளிச்சம். தெருவில் வாழைப்பழ வண்டிக்காரர் விலை சொல்லிக்கொண்டு போனார்.

முதல் சில பக்கங்களில் ஒன்றும் நடக்கவில்லை. மீனவன் ஒருவனுக்கு உள்ளங்கையில் நகம் குத்திக்கொண்டு வெளியே வரும் கட்டத்தில் அறவாழியின் கை துள்ளியது. கையைத் தூக்கிக் குழப்பத்தோடு பார்த்தார். அடுத்த பக்கம். கண் இமை. அவர் கத்தினார். அவருடைய குரல்தான் என்று நம்ப முடியாத ஒரு கத்தல். எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்; "பல் வலி சார்" என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டேன். "போதும் வல்லி, வலிக்குது, கழட்டுடி" என்று கெஞ்சினார். நான் பக்கத்தைப் புரட்டினேன். வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை நினைத்தால் அருவருப்பாகவும் இருந்தது. நாக்கு வந்த பக்கத்தில் ஜெபராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

நடுநடுவே கினு வந்தாள். அவள் மட்டும் இருக்கும் கட்டங்களில் அறவாழியின் உடம்பு சட்டென்று அடங்கும். அப்போது அவர் கதறலை விட்டுவிட்டு, படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் எதையோ தேடுவார். விரலால் அவள் கையைத் தடவிப் பார்ப்பார். பின்னால் புரட்டி, மறுபடியும் முன்னால் வந்து பார்ப்பார். பிழையைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

கடைசிப் பக்கம் முடிந்தது. பட்டையைக் கழற்றினேன். வியர்வையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, "இது வலிக்குது" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கினு எங்க?" என்று கேட்டார்.

"இதோ இருக்காளே."

"படத்துல இருக்கா. ஆனா அவ கை இல்ல. நம்ம பிரதில அவ டீ குடிச்சா என் நாக்கு சுடும். ஈர மணல்ல நடந்தா என் கால் சில்லுன்னு இருக்கும். அந்தப் பிரதில எல்லாரும் செத்துக் கெடந்தாங்க வல்லி. நானும் அவங்களோட கெடந்தேன். அவ ஒருத்திதான் உயிரோட இருந்தா. ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சு நகம் வெட்டிவிட்டுக்கிட்டிருந்தா. இதுல எல்லாரும் எழுந்துட்டாங்க. அவ செத்துக் கெடக்கறா."

பக்கத்தைத் திருப்பியதில் ஊரே செத்தது என்று மட்டும்தான் நாங்கள் எல்லோரும் பேசினோம். அதே திருப்பத்தில் ஒருத்தி பிழைத்துக்கொண்டாள் என்பது நாகசே அம்மையாருக்கும் தோன்றவில்லை. அறவாழியின் முகத்தில் இருந்தது அசல் துக்கம். எனக்கு வந்தது பொறாமையா பயமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ரசமும் சோறும் கரைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தேன். வாசனை பட்டதும் அவர் தொண்டை அசைந்தது. கை தட்டுவரைக்கும் போனது. பிறகு எழுந்து, சுவரைப் பிடித்தபடி நடந்து குளியலறைக்குள் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"அண்ணன் எதுக்குக்கா இப்ப குளிக்கறாரு?" என்றான் ஜெபராஜ்.

லுங்கி பனியனோடு சொட்டச் சொட்ட வந்தார். சோப்பு வாசனை இல்லை. தலையோடு தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சொந்த அப்பா போனபோது, இதெல்லாம் மூடப்பழக்கம் என்று ஒரு சொம்புத் தண்ணீர் தலையில் ஊற்றிக்கொள்ள மறுத்து, உறவு முழுக்கப் பேசிய பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றவர். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ தலைமுழுகலையா?"

"நான் எதுக்குங்க?"

"நம்ம வீட்டுச் சாவுதானே வல்லி." குரல் உடைந்தது. உடைந்த வேகத்திலேயே அவருடைய பழைய எரிச்சலும் வந்து ஒட்டிக்கொண்டது. "நின்னுக்கிட்டே இருக்காத. சீக்கிரம் ஊத்திக்கிட்டு வா. எனக்குப் பசிக்குது."

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வாளியில் மிச்சத் தண்ணீர் இருந்தது. சேலையோடு நின்று ஒரு சொம்பு மொண்டு, கினுவின் பெயரைச் சொல்லித் தலையில் ஊற்றிக்கொண்டேன்.